தடவினால் தோலோடு... விழுங்கினால் கல்லீரலோடு!

நாற்று நட்டுத் தேய்ந்த முழங்காலுக்கு, ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கும் பிள்ளை ‘சிபிடி’ எண்ணெய் வாங்கித் தருகிறான் என்று வைத்துக்கொள்வோம். சிபிடி, கஞ்சாச் செடியில் உள்ள போதை தராத பொருள். கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால், தடவினால் பெரும்பகுதி மேல்தோலிலேயே தங்கிவிடும். ரத்தத்துக்குப் போவது சொற்பம். விழுங்கினாலும், கல்லீரல் சிதைத்தது போக ரத்தத்தில் சேர்வது ஏறக்குறைய 6 சதவிகிதம்தான். ஆனால், நெய், கறி என்று கொழுப்பான சாப்பாட்டோடு எடுத்தால் அதே அளவே 4, 5 மடங்கு ஏறும். வார்ஃபரின் சாப்பிடும் இதய நோயாளிகள் இங்கேதான் உஷாராக வேண்டும். அந்த மாத்திரையைக் கல்லீரல் சிதைப்பதை சிபிடி தடுக்கும், ரத்தக்கசிவு வரலாம். டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது.

இன்னொன்று, 2021-ல் உணவாக அனுமதி கிடைத்தது செடியின் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றுக்குத்தான். விதையில் சிபிடி அநேகமாகக் கிடையாது. பாட்டிலில் ‘விதை எண்ணெய்’ என்றிருந்தால், மூட்டுவலிக்கென்று கூடுதல் விலை கொடுப்பது வீண்.