அன்று தட்டு, பின்பு மேடை

1974 ஜூலையில் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ஒரு கச்சேரி முடிந்தது. அதற்குப் பிறகு 19 ஆண்டுகள் ஸ்டீலி டான் இசைக்குழு சுற்றுப்பயணம் போகவே இல்லை. பாட்டுகள் எடுபடாமல் போன காலமல்ல அது. 'டூ இட் அகெய்ன்' அமெரிக்கப் பட்டியலில் 6ஆம் இடம்வரை ஏறியிருந்தது. அந்தக் கோடையிலேயே 'ரிக்கி டோன்ட் லூஸ் தட் நம்பர்' 4ஆம் இடத்தைத் தொட்டது. இருந்தும் குழுவின் தலைவர்கள் டொனால்ட் ஃபேகனும் வால்டர் பெக்கரும் ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அன்று இசைத்தட்டு மட்டும், மேடை இல்லை. 2003க்குப் பிறகு அந்தப் பெயரில் புதிய பாட்டுகள் கொண்ட ஆல்பம் இல்லை, மேடை மட்டும்தான்.

1972இல் வந்த முதல் ஆல்பம் ஒரு குழுவின் ஆல்பம். 'டூ இட் அகெய்ன்' பாட்டின் நடுவே டென்னி டயஸ் மின்சார சிதார் வாசிக்கிறார். ரீங்காரம் சற்றே பிசிறடிக்கும். அந்தப் பிசிறுதான் அழகு. 1977இல் 'ஏஷா' வரும்போது குழு என்று சொல்ல இருவர்தான் மிச்சம். மற்றவர்கள் பாட்டுக்குப் பாட்டு அழைத்துவரப்பட்ட கலைஞர்கள். 'பெக்' பாட்டின் கிதார் தனி வாசிப்புக்கு ஒருவர் மாற்றி ஒருவராகப் பலர் முயன்றார்கள். எதுவும் பிடிக்காமல், கடைசியில் ஜே கிரேடன் வாசித்ததை வைத்துக்கொண்டார்கள். 'ஏஷா' பற்றி 1999இல் எடுத்த ஆவணப்படத்தில், கைவிட்ட வாசிப்புகளில் சிலவற்றை இருவரும் ஒலிக்கலவை மேசையில் ஓடவிட்டுக் காட்டுகிறார்கள். அவற்றில் பிழை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிரேடனின் கிதார் சரிந்து உள்ளே நுழையும்போது பாட்டு சட்டென்று சிரிக்கிறது. எதைத் தேடினார்கள் என்பது அப்போதுதான் புரியும்.

அந்த ஆல்பத்தில் ஏழே பாட்டுகள், ஏறக்குறைய 40 நிமிடம். தலைப்புப் பாட்டு மட்டும் எட்டு நிமிடம். வேய்ன் ஷார்ட்டரின் சாக்ஸபோனும் ஸ்டீவ் கேடின் டிரம்ஸும் ஒன்றையொன்று துரத்தும் இடத்துக்காகத் தட்டை மறுபடி மறுபடி வைத்துக் கேட்டவர்கள் உலகெங்கும் உண்டு. பின்னாளில் அதே பாட்டைக் கச்சேரியில் டிரம்ஸ் கலைஞர் கீத் கார்லாக் தன் போக்கில் வாசித்தார். ஒவ்வோர் இரவும் கொஞ்சம் வேறாக வந்தது. அன்றைய ரசிகருக்கு அது கிடைக்கவில்லை.

1980இல் வந்த 'காச்சோ'வுக்காக ஒலிப்பதிவுப் பொறியாளர் ரோஜர் நிக்கல்ஸ், டிரம்ஸ் அடிகளை இம்மி பிசகாமல் அடுக்க 'வென்டல்' என்றொரு கணினியையே உருவாக்கினார். இன்று மடிக்கணினி வைத்திருக்கும் கல்லூரி மாணவர் அதைச் சில நொடிகளில் செய்துவிடுவார். வசதி பெருகியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வென்டல் அடுக்கிய தாளத்துக்குள்ளும், ஒரு மனிதரின் கை எங்கே கனக்க வேண்டும், எங்கே தளர வேண்டும் என்று நாட்கணக்கில் யோசித்த காது இருக்கிறது. அந்தக் காதுக்கு நிரல் கிடையாது.

ஒலிநாடாவை நம்பியவர்களுக்கு அந்த நாடா துரோகமும் செய்தது. 1979 இறுதியில், 'காச்சோ'வுக்கென்று வாரக்கணக்கில் உழைத்த 'தி செகண்ட் அரேஞ்ச்மென்ட்' என்ற பாட்டின் பெரும்பகுதியை உதவிப் பொறியாளர் ஒருவர் தவறுதலாக அழித்துவிட்டார். மறுபடி பதிந்து பார்த்தார்கள். பழைய உயிர் வரவில்லை, விட்டுவிட்டார்கள். 'ஏஷா'வின் இரண்டு பாட்டுகளுடைய மூலநாடாக்களும் பின்னாளில் காணாமல் போயின. கண்டுபிடித்துத் தருவோருக்கு 600 டாலர் தருவதாக 1999 மறுவெளியீட்டின் உறையில் இருவரும் எழுதியிருந்தார்கள்.

1993இல் மேடைக்குத் திரும்பியபின் 2000இல் ஒரு ஆல்பம், அதற்கு நான்கு கிராமி விருதுகள், 2003இல் இன்னொன்று. 2011இல் நிக்கல்ஸ் காலமானார். 2017 செப்டம்பரில் பெக்கர்.

2023இல், நிக்கல்ஸ் குடும்பத்தார் பாதுகாத்துவைத்திருந்த ஒரு கேசட்டிலிருந்து அந்த அழிந்த பாட்டு வெளியே வந்தது. அழிவதற்கு முன் வீட்டில் கேட்டுப் பார்க்க எடுத்துப்போன நகல். எத்தனையோ முறை திருத்தித் திருத்தி மெருகேற்றியவர்களின் பாட்டு, மெருகு ஏறும் முன்பே நின்றுபோன நிலையில், 40 ஆண்டுகளுக்கும் மேல் கழித்துக் கேட்கிறது.