கல்விக்கு வழக்காடியவர்

அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியா மாநிலத்தில் 1971-ஆம் ஆண்டுவரை ஒரு விதி நடைமுறையில் இருந்தது. ஐந்து வயதுக் குழந்தைக்குரிய அறிவு வளர்ச்சியை எய்தாத சிறாரைப் பள்ளியிற் சேர்க்காது விடலாம். கற்பிக்க இயலாதவர் என உளநூல் வல்லுநர் சான்று தருவாராயின் பள்ளியினின்றும் நீக்கிவிடலாம் என்பதே அவ்விதி. கற்றலால் வரும் அறிவைக் கற்குமுன்னரே கொணர்க என்பது, நீந்தப் பழகிய பின்னரே நீரில் இறங்குக என்பது போலும்! இச்சிறாருட் பலர் வீட்டினுள்ளே முடங்கினர். சிலர் பெண்ஹர்ஸ்டு முதலிய அரசாங்கக் காப்பகங்களில் விடப்பட்டனர். அங்கு இட நெருக்கடி மிகுதி, பேணுவார் குறைவு.

இந்நிலை கண்டு வருந்திய பெற்றோர் சங்கத்தார், 1969-இல் பிலடெல்பியா நகரத்து வழக்கறிஞர் தாமஸ் கில்ஹூல் என்பாரை நாடினர். அவர்தம் உடன்பிறந்தார் ஒருவரும் அறிவு வளர்ச்சி குறைந்தவரே. காப்பகத்தின் கேட்டினைக் களைய வழி தேடியே சங்கத்தார் வந்தனர். கில்ஹூலோ பல வழிகளை ஆராய்ந்து, கல்வியுரிமைக்காக வழக்காடுதலையும் அவற்றுள் ஒன்றாக எடுத்துரைத்தார். சங்கத்தார் அதனையே தேர்ந்தனர். பள்ளியின் கதவு திறக்குமாயின், காப்பகத்தின் வாயிலை நாடுவார் தொகை குறையுமன்றோ?

1971 சனவரித் திங்களில் வழக்குத் தொடரப்பெற்றது. கில்ஹூல் இச்சிறார்க்கு இரக்கம் வேண்டினாரல்லர்; உரிமையே வேண்டினார். கறுப்பின மாணவரைப் பிரித்துவைத்தல் தகாது என 1954-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பினை அவர் துணைக்கொண்டார். அரசு கல்வியளிக்க முன்வருமிடத்து, அஃது எல்லார்க்கும் ஒத்த முறையில் அளிக்கப்படுதல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. அங்ஙனமாயின் ஒரு சாராரை விலக்குதற்குத் தக்க காரணம் வேண்டும். 'இவர் கல்லார்' என்பது ஒன்றே அரசு கூறிய காரணம். அக்காரணத்தையே கில்ஹூல் தாக்கினார். கல்வி வல்லுநர் சான்று கூறினர்: இத்தகையோருட் பெரும்பாலோர் தம் காலில் நிற்கப் பயில்வர், எஞ்சிய சிலரும் உண்ணல், உடுத்தல் போன்ற தம் கடமைகளை ஓரளவேனும் தாமே செய்யப் பயில்வர், பயிற்சியாற் பயனடையாதார் ஒருவருமிலர். அச்சான்றினைக் கேட்டபின் மாநில அரசு எதிர்வாதத்தைக் கைவிட்டு உடன்பாட்டிற்கு வந்தது. விலக்கப்பட்ட சிறாரைத் தேடிக் கண்டறிந்து, 1972 செப்டம்பருக்குள் கல்வியளிப்பதாக ஒப்புக்கொண்டது. பெற்றோர்க்கு அறிவியாமலும், அவர்தம் முறையீட்டைக் கேளாமலும் எம்மாணவனையும் இடம் மாற்றலாகாது என்பதும் உறுதியாயிற்று.

உளநலம் குன்றிய சிறாரின் நிலை என்னை எனில், அவரும் 'அடங்காதவர்' என வெளியேற்றப்பட்டே வந்தனர். 1972-இல் வாசிங்டன் நகரில் நிகழ்ந்த மற்றொரு வழக்கு அவர்க்கும் வழி திறந்தது. பொருள் போதாது என அங்குள்ள கல்விக்குழு கூறியது. உள்ள பொருளை யாவர்க்கும் நேர்மையாகப் பகிர்க. குறையின் சுமை இச்சிறார் தலைமீதே மிகுதியாக விழலாகாது என்று நீதிபதி மறுத்தார்.

இவ்விரு வழக்குகளின் பயனாக 1975-இல் நாடு முழுமைக்குமான சட்டம் பிறந்தது. அந்நாளில் பத்து இலட்சம் சிறார் அரசுப் பள்ளிகளுக்குப் புறத்தே நின்றனர் என்பதனை அச்சட்டமே குறிக்கின்றது. ஒவ்வொரு மாணவனுக்கும் தனித்தனியே பாடத்திட்டம் வகுத்தலும், வேண்டுவோர்க்கு உளநல அறிவுரை வழங்கலும் அதன்கண் அடங்கின.

பெண்ஹர்ஸ்டு பற்றி 1974-இல் எழுந்த வழக்கிலும் சங்கத்தார்க்காகக் கில்ஹூல் வாதாடினார். உச்ச நீதிமன்றம் வரை சென்ற நெடிய வழக்கு அது. 1987-இல் அக்காப்பகம் மூடப்பட்டது. அங்கிருந்தோர் ஊர்களிலுள்ள சிறு இல்லங்களிற் குடியேறினர்.