குற்றாலத்து அருவியும் செல்போன் காமிராவும்

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே மேகங்களைத் தள்ளிக்கொண்டு வந்து குற்றால மலைமேல் சாரலாகத் தூவுகையில், சிற்றாற்றின் ஜலம் பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குடைவில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகு பேரருவியாக விரிந்து சரிகிற காட்சியைக் காண வரும் பிரயாணிகளில், செல்போனை எடுத்து வீடியோ பிடிக்காதவர் இன்று அபூர்வம். ஊர் திரும்பிய பின் அந்த வீடியோவை இரண்டாம் முறை பார்க்கிறவர் அதைவிட அபூர்வம். நேரில் கண்ட பிரம்மாண்டம் திரையில் காணோமே என்று போனின் விலையைக் குறை சொல்வார்கள். அருவி அசைய வேண்டிய இடத்தில் நம் கை அசைவதும், நாம் தீர்மானிக்க வேண்டியதை யந்திரத்தின் தீர்மானத்துக்கு விட்டுவிடுவதுமே பெரும்பாலும் குற்றம் என்பது என் அபிப்பிராயம்.

காட்சி முழுவதையும் சராசரியாக ஒரு நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவர முயல்வது காமிராவின் சுபாவம். கரும்பாறையும் அடர்ந்த மரங்களும் திரையை நிறைத்திருக்க, நடுவே வெண்ணிறமாக அருவி விழுமானால், இருட்டு அதிகமென்று எண்ணி அது படம் முழுவதையும் வெளுக்கச் செய்துவிடும். இழை இழையாகப் பிரிந்து விழும் நீர் ஒரே வெள்ளைப் பட்டையாகிவிடும். பெரும்பாலான போன்களில் இதற்குப் பரிகாரம் சுலபமானது: அருவியின் மிக வெளுத்த பாகத்தில் விரலை வைத்துச் சற்று அழுத்திப் பிடித்தால் ஒளியளவும் ஃபோகஸும் அங்கேயே பூட்டிக்கொள்ளும், பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால், மறைந்திருந்த நீரிழைகள் ஒவ்வொன்றாகத் துலங்கும். பாறை கொஞ்சம் கறுத்துப் போகும், போகட்டும்.

வெளிச்சத்தின் நேரம் அறிவதும் முக்கியம். குற்றாலத்தில் மலை மேற்கே நிற்பதால் அருவியின் முகத்தில் நன்றாகப் படுவது காலை வெயிலே. பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்க, ஆகாயம் கண்ணைக் கூசவைத்து, அருவி நிழலில் மங்கிவிடும். வெயிலே இல்லாத சாரல் நாளில் வருத்தப்பட வேண்டியதில்லை. மேகம் ஒளியை மெல்லப் பரப்பிப் பச்சையின் பேதங்களைக் காட்டுவதோடு, இன்னொரு உபகாரமும் செய்கிறது. அநேக போன்களில் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வழியில்லாததால், உச்சி வெயிலில் காமிரா ஒவ்வொரு சட்டத்தையும் (ஃபிரேம்) விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ பதிவு செய்துகொள்கிறது. அப்போது ஒவ்வொரு துளியும் உறைந்து நிற்க, ஓட்டம் தத்தித் தத்திப் போவதாகத் தோன்றும். விநாடிக்கு 30 சட்டங்கள் எடுக்கையில் ஒவ்வொன்றும் விநாடியில் 60-இல் ஒரு பங்கு திறந்திருந்தால் நீரின் ஓட்டம் கண்ணுக்கு இயல்பாகப் படும். மேகமூட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. வெயிலில் அதே பயனைப் பெற, லென்ஸின் முன் பொருத்தும் கறுப்புக் கண்ணாடி வேண்டும்.

இனிக் கை. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், பிறகு மேலே, பிறகு ஜூம் என்று போனைச் சுழற்றுகிறவர் பத்து விநாடிக்குள் எல்லாவற்றையும் காட்டி எதையும் காட்டாமற் போகிறார். போனைப் படுக்கைவாட்டில் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, அல்லது ஒரு டிரைபாடில் நிறுத்தி, அசையாமல் பதினைந்து விநாடி எடுத்துப் பாருங்கள். நீரும் சாரலும் இலையும் தாமே அசைந்து கண்ணுக்கு வேலை கொடுக்கும். மலைமுகட்டைத் தாண்டி மேகம் இறங்குகிறதா? டைம்லாப்ஸில் இரண்டு விநாடிக்கு ஒரு சட்டம் வீதம் 10 நிமிஷம் எடுத்தால் 300 சட்டங்கள் சேரும். ஓட்டிப் பார்க்கையில் அது 10 விநாடி. ஸ்லோ மோஷனோ இதற்கு நேர்மாறு: விநாடிக்கு 240 சட்டங்கள் எடுத்து 30 வீதம் ஓட்டினால் ஒரு விநாடி எட்டு விநாடியாக நீளும். பாறையில் மோதிச் சிதறும் நீருக்கு இது உகந்தது. அருவி முழுவதற்கும் பிரயோகித்தால் அலுப்புத் தட்டும்.

அருவியின் முழக்கத்தைப் போனின் மைக் அடுப்பில் எண்ணெய் காய்கிற ஓசையாகக் குறுக்கிவிடுவதுண்டு. சற்றுத் தள்ளி, காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் ஓரளவு கேட்கும்படி இருக்கும். லென்ஸில் படியும் சாரல் துளியை அவ்வப்போது மெல்லிய துணியால் துடைக்காவிட்டால் மற்ற பிரயாசை யாவும் வீண். குளிக்கிறவர்களைச் சட்டத்துக்குள் சேர்த்துக்கொள்வது அநாகரிகம் என்பதைச் சொல்லவேண்டியிருப்பதே வெட்கக்கேடு. பெண்கள் குளிக்கும் பக்கம் போனை நீட்டுகிறவரைக் கண்டிக்கப் பக்கத்தில் நிற்பவர் தயங்கக் கூடாது.

இவ்வளவு கவனமாக எடுத்ததையும் வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால், அது சுருக்கப்பட்டுக் கட்டம் கட்டமாக உடைந்து போய்ச் சேரும். ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பதிந்துகொள்வது வீடியோவைச் சுருக்கும் முறையின் தத்துவம். பேசுகிற மனிதரின் பின்னால் சுவர் மாறாமலிருப்பதால் அது எளிதில் சுருங்குகிறது. அருவியிலோ துளிக்குத் துளி, இலைக்கு இலை, ஒவ்வொரு சட்டமும் புதிது. ஆகையால் நண்பருக்கு அனுப்பும்போது டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் எடுத்தபடியே போய்ச் சேரும்.