மெழுகுதிரியில் எரிவது எது?

2022 மார்ச் கடைசியில் நாடெங்கும் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ரம்புக்கனைப் பக்கத்து லயங்களில் மெழுகுதிரிதான் கைகொடுத்தது.

அதில் எரிவது நூல் என்றுதான் பலரும் நினைக்கிறோம். வெறும் நூலைக் கொளுத்திப் பாருங்கள், நொடியில் சாம்பல். எரிவது மெழுகு, அதுவும் ஆவியான பிறகு. சுவாலையின் சூட்டில் உருகும் மெழுகு நூலிழைகளின் இடுக்கு வழியே மேலேறி நுனியில் ஆவியாகிறது. சந்தேகமா? திரியை ஊதி அணைத்ததும் எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டுங்கள். திரியைத் தொடாமலே தீ புகை வழியாக இறங்கிப் பற்றிக்கொள்ளும். அந்தப் புகை, குளிர்ந்த மெழுகாவிதான்.

மெழுகு காபனும் ஐதரசனும் சேர்ந்தது. காற்றின் ஒட்சிசனோடு கூடியதும் காபன் காபனீரொட்சைட்டாகிறது; ஐதரசன் நீராவியாகிறது. ஒரு கிராம் மெழுகு எரிந்தால் ஏறத்தாழ 1.3 கிராம் தண்ணீர்! மெழுகைவிட அதிகமான எடை ஒட்சிசன் கொடுத்தது. 1860-61இல் விஞ்ஞானி மைக்கல் பரடே லண்டனில் சிறுவர்களுக்கு இந்தத் தண்ணீரைப் பிடித்தே காட்டினார்.

மஞ்சள் வெளிச்சம் எப்படி? சுவாலையின் உள்ளே ஒட்சிசன் போதாது. அங்கே மெழுகாவி சிதைந்து நுண்ணிய காபன் துகள்களாகிச் சூட்டில் ஒளிர்கிறது. சுவாலையில் கரண்டியைப் பிடித்தால் அதுவே கரியாகப் படியும். நம் கேகாலை மாவட்டத்துப் போகல சுரங்கத்தில் வெட்டும் காரீயமும் காபன்தான். அங்கே அணுக்கள் ஒழுங்கான அடுக்குகளாக, கரியிலோ தாறுமாறாக.