ரோட்டுக்குக் காசு: பெருங்குடி டோல் சொல்லிக்கொடுத்த தப்பான பாடம்

போன மாதம் எங்கள் மந்தைவெளி அபார்ட்மெண்டில் மொட்டை மாடி மீட்டிங். தண்ணி டேங்க் பற்றிப் பேச ஆரம்பித்து, வழக்கம்போல டிராஃபிக்கில் வந்து நின்றது. தி.நகர் மாதிரி இடங்களில் பீக் ஹவரில் காருக்குக் கட்டணம் வைத்தால்தான் சரியாகும் என்று நான் வாயை விட்டுவிட்டேன். அவ்வளவுதான். இரண்டாம் மாடி மாமா ரிட்டயர்ட் பேங்க் அதிகாரி, பொதுவாக நிதானமானவர். "ஏம்ப்பா, வண்டி வாங்கும்போதே ரோட் டாக்ஸ் கட்டியாச்சு. பெட்ரோல்ல பாதி வரி. ஹைவேல டோல். இப்ப பாண்டி பஜார் போகவும் காசு கொடுக்கணுமா?" என்றார். கைதட்டாத குறை.

அன்றிலிருந்து இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். மாமா கேட்டது நியாயமான கேள்வி. பதில் என்னிடம் பாதிதான் இருந்தது.

முதலில் அவர் சொன்ன கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புதுக் காருக்கான ஆயுட்கால வரி, 5 லட்சம் வரையிலான வண்டிக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பெட்ரோலுக்கு மாநில வாட் 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11.52 ரூபாய். மத்திய கலால் வரி 20 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். எல்லாம் சேர்த்தால் லிட்டருக்கு 40 ரூபாய் தாண்டுகிறது. சிட்டிக்குள் 12 கிலோமீட்டர் மைலேஜ் கொடுக்கும் காருக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் மாதிரி வருகிறது. ஆக, "நாங்க ஏற்கெனவே கட்றோம்" என்பது உண்மை. அதை மறுக்கிறவர்கள் பெட்ரோல் பங்க் ரசீதைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

ஆனால் அந்த மூன்றரை ரூபாய் எங்கே, எப்போது ஓட்டினாலும் ஒன்றுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு வேதாரண்யம் ரோட்டில் தனியாகப் போகிறவரும், சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு உஸ்மான் ரோட்டில் போகிறவரும் ஒரே வரிதான் கட்டுகிறார்கள். முதல் ஆளால் யாருக்கும் தொந்தரவு இல்லை. இரண்டாவது ஆள் பின்னால் நிற்கிற நூறு பேரின் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறார். அதற்கு எந்த ரசீதிலும் விலை இல்லை. ஆயுட்கால வரி இன்னும் மோசம். ஒரு தடவை கட்டியாச்சு, அப்புறம் எவ்வளவு ஓட்டினாலும் அதேதான். பஃபேயில் காசு கொடுத்துவிட்டு உட்கார்ந்த மாதிரி. மின்சார வண்டிக்கோ இங்கே ஆயுட்கால வரி விலக்கு, பெட்ரோல் வரியும் இல்லை. நெரிசலில் அதுவும் அதே இடத்தைத்தான் அடைக்கிறது.

இந்தப் "பின்னால் நிற்கிறவர்கள்" விஷயத்தை என் தொழிலில் தினமும் பார்க்கிறேன். ஒரு சர்வர் 70 சதவீத லோடில் ஓடும்போது ஒரு கோரிக்கைக்கு ஆகும் நேரம், காலியாக இருக்கும்போது ஆவதைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல். 90 சதவீதத்தில் பத்து மடங்கு. 95 சதவீதத்தில் இருபது மடங்கு. எளிமையான வரிசைக் கோட்பாடு, காலேஜில் எல்லோரும் படித்தது. ரோடு அச்சு அசலாக சர்வர் மாதிரி நடந்துகொள்ளாது, ஆனால் கோட்டின் வடிவம் இதேதான். கடைசிப் பகுதியில் செங்குத்தாக ஏறும். இதில் கவனிக்க வேண்டியது, 95-ஐ 90 ஆக்கினாலே காத்திருப்பு பாதியாகிவிடுகிறது. அதாவது எல்லாக் காரையும் விரட்ட வேண்டியதில்லை. "இன்னிக்குத்தான் போகணும்னு இல்ல, நாளைக்குக் காலைல போய்க்கலாம்" என்று நினைக்கக்கூடிய கொஞ்சம் பேர் விலகினால் போதும். கட்டணத்தின் வேலை அவர்களைக் கண்டுபிடிப்பதுதான். பணம் வசூலிப்பது இரண்டாம் பட்சம்.

நம்ம ஊரில் அந்த இரண்டாம் பட்சத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறோம்.

2008-ல் ஓஎம்ஆர் ஆறு வழிச் சாலையாகி ராஜீவ் காந்தி சாலை ஆனது. மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டர். கடன் வாங்கிப் போட்ட ரோடு, அந்தக் கடனை அடைக்க டோல். பெருங்குடியில் ஆரம்பித்து நாவலூர் வரை சாவடிகள். நான் பல வருஷம் அந்தப் பெருங்குடி சாவடி வழியாகத்தான் ஆபீஸ் போனேன். கடைசிக் காலத்தில் காருக்கு ஒரு தடவைக்கு சுமார் 30 ரூபாய். காலை ஒன்பது மணிக்கும் அதே காசு, நடு ராத்திரிக்கும் அதே காசு. டூவீலருக்குக் கிடையாது. நான் ஒருத்தன் மட்டும் போகிற காருக்கும், ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து போகிற காருக்கும் வித்தியாசம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, நெரிசலைக் குறைக்க வேண்டிய காசுக்காக நாங்கள் வரிசையில் நின்றோம்! சில்லறை தேடுகிற ஆளுக்குப் பின்னால் நின்றே என் வாழ்க்கையில் சில நாட்கள் போயிருக்கும்.

2021 ஆகஸ்ட் 30 முதல் பெருங்குடி உள்ளிட்ட நான்கு சாவடிகளில் வசூல் நின்றது. மெட்ரோ வேலை நடப்பதால் என்று சட்டமன்றத்தில் அமைச்சர் எ.வ.வேலு அறிவித்தார். நாவலூர் மட்டும் மிச்சம் இருந்தது. அதுவும் 2023 அக்டோபர் 19-ல் முதல்வர் ஸ்டாலின் அறிவிப்போடு முடிந்தது. எங்கள் ஆபீஸில் அன்றைக்கு இனிப்பு கொடுத்தார்கள், விளையாட்டில்லை. நானும் சாப்பிட்டேன்.

அந்த இனிப்பை யோசிக்கும்போதுதான் மாமாவின் கோபம் எனக்குப் புரிந்தது. அத்தனை வருஷத்தில் ஓஎம்ஆர் டோலைத் திட்டியவர்கள் யாரும் "30 ரூபாய் ஜாஸ்தி" என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதே ஆட்கள் ஆபீஸ் வாசலில் 40 ரூபாய்க்கு காபி குடித்தார்கள். திட்டினது மூன்று விஷயத்துக்கு. ரோடு போட்ட காசு வந்துவிட்டதா, எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. காசு கொடுத்தும் வேகமாகப் போக முடியவில்லை. கார் வேண்டாம் என்றால் வேறு வழி? பஸ்ஸும் அதே நெரிசலில்தான் நிற்கிறது, ரயில் இல்லை. இதில் முதலாவது நம்பிக்கை, இரண்டாவது பயன், மூன்றாவது மாற்று. மூன்றுமே இல்லாமல் ஒரு கட்டணத்தை ஓட்டுநர் ஏற்றுக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வெளியூர்களிலும் இதே கதைதான். 2005-ல் எடின்பரோவில் வாக்கெடுப்பு வைத்தார்கள், நாலில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். 2008-ல் மான்செஸ்டரில் கிட்டத்தட்ட ஐந்தில் நாலு பேர். இரண்டு ஊரிலும் மக்கள் பார்க்காத ஒன்றுக்கு ஓட்டுக் கேட்டார்கள்.

ஸ்டாக்ஹோமில் வரிசையை மாற்றினார்கள். 2005 ஆகஸ்டிலேயே கூடுதல் பஸ் விட்டார்கள். பஸ் மட்டும் வந்தபோது கார் குறையவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை சோதனையாகக் கட்டணம். நகர மையத்துக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும், பீக்கில் 20 குரோனர், மற்ற நேரத்தில் 15 அல்லது 10, இரவிலும் சனி ஞாயிறிலும் ஒன்றுமில்லை. சாவடி கிடையாது, கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும். எல்லையைத் தாண்டும் வண்டிகள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. ஆகஸ்டில் கட்டணத்தை எடுத்தார்கள், வண்டிகள் திரும்பி வந்தன. இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் செப்டம்பரில் வாக்கெடுப்பு. நகரவாசிகளில் பாதிக்குச் சற்று மேல் "வேண்டும்" என்றார்கள். வாக்கெடுப்பு நடத்திய பக்கத்து ஊராட்சிகளில் பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றார்கள், அதுவும் எதிர்பார்க்கக்கூடியதே. 2007-ல் நிரந்தரமானது.

அந்தத் திட்டத்தை ஆராய்ந்த யோனாஸ் எலியாசன் சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சில வருஷம் கழித்து ஆதரவு சுமார் 70 சதவீதம் ஆகிவிட்டது. ஆனால் கேட்டால், தங்கள் கருத்து மாறியதாகவே பலர் ஒப்புக்கொள்ளவில்லையாம், எப்போதும் இப்படித்தான் நினைத்தோம் என்றார்களாம். எங்கள் மாமாவை நினைத்துக்கொண்டேன்.

சிங்கப்பூரில் 1975-லேயே காகித லைசென்ஸ் ஒட்டி ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு மூன்று வெள்ளி, நாலு பேர் சேர்ந்து வந்தால் இலவசம். 1998-ல் அது மின்னணு முறை ஆனது. அங்கே இருக்கும் சித்தப்பா பையனிடம் கேட்டேன். "கட்டுப்படியாகல அண்ணா, அதான் கார் வாங்கல. ஆனா பஸ் டயத்துக்கு வரும்" என்றான். முழுக் கொள்கையும் அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது.

சரி, தி.நகருக்கு வருவோம். நாளைக்கே பனகல் பார்க்கைச் சுற்றி கேமரா வைக்கலாமா? வேண்டாம் என்பதுதான் என் கட்சி. மீட்டிங்கில் பேசியதிலிருந்து நான் கொஞ்சம் இறங்கி வந்துவிட்டேன். லைட் ஹவுஸிலிருந்து மயிலாப்பூர், பனகல் பார்க், கோடம்பாக்கம் வழியாகப் பூந்தமல்லி போகும் மெட்ரோ முழுசாக ஓட ஆரம்பித்தால், மூன்றாவது விஷயமான மாற்று கிடைத்துவிடும். அதுவரைக்கும் கையில் இருக்கிற கருவி பார்க்கிங் கட்டணம். ரோட்டில் நிறுத்துவதும் ரோட்டைப் பயன்படுத்துவதுதானே. 2019-ல் பாண்டி பஜாரில் அகல நடைபாதை போட்டபோது கடைக்காரர்கள் பயந்தார்கள், இன்றைக்குத் தீபாவளி சமயத்தில் அங்கே நடக்கவே இடமில்லை. பக்கத்தில் தணிகாசலம் ரோட்டில் பல அடுக்கு பார்க்கிங்கும் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும், ஒப்பந்தம் முடிந்து புது டெண்டர் வரும்வரை என்று 2025 ஜூலையில் மாநகராட்சி சாலையோர பார்க்கிங்கை இலவசமாக்கியது. சென்னையிலேயே விலை அதிகமான நிலத்தின் மேல் நம் கார் சும்மா நிற்கலாம், அதில் தக்காளிக்கூடை வைத்தால் போலீஸ் வரும்.

காசை அந்தத் தெருவுக்கே திருப்பிச் செலவு பண்ணி, வாங்கியது இவ்வளவு, செலவழித்தது இவ்வளவு என்று போர்டில் எழுதி வைத்தால் முதல் விஷயமும் கொஞ்சம் சரியாகும். கலிபோர்னியாவின் பாசடினாவில் 1993-ல் இப்படித்தான் மீட்டர் வைத்தார்கள், வந்த காசில் அதே கடைத்தெருவின் நடைபாதையைச் சீர் பண்ணினார்கள். டூவீலருக்கு என்ன செய்வது என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. ஒரு காரின் இடத்தில் நாலு டூவீலர் நிற்கும், அதனால் நாலில் ஒரு பங்கு கட்டணம் என்பது கணக்கு. ஆனால் டெலிவரி பையனிடம் அந்தக் கணக்கைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

என் மனைவி தினமும் லஸ்ஸில் பஸ் ஏறி பனகல் பார்க் போகிறாள். அறுபது பேர் இருக்கும் பஸ், ஒருத்தர் மட்டும் இருக்கும் நாலு காருக்குப் பின்னால் நிற்கிறது. இந்த அறுபது பேரும் மொட்டை மாடி மீட்டிங்குக்கு வரவில்லை. ரோட்டுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு, "அவள், தினமும் நாற்பது நிமிஷம்" என்று மாமாவிடம் சொல்லியிருக்கலாம். அன்றைக்குத் தோன்றவில்லை. நேற்று லிஃப்ட்டில் பார்த்தபோது சொன்னேன். "அது சரிப்பா, ஆனா ரசீது கொடுப்பானா?" என்றார்.