இணைய மறுக்கும் மடிக்கணினி

மாணவர்களே, புதிய மடிக்கணினி வீட்டிலுள்ள வைஃபையுடன் இணையவில்லையா? கருவியைப் பழிக்குமுன் காரணத்தைத் தேடுங்கள்.

முதலில், அதே வைஃபையில் கைப்பேசி இணைகிறதா எனப் பாருங்கள். அதுவும் இணையாவிடில் குறை திசைவியில் இருக்கலாம்; அதனை அணைத்து, அரை நிமிடம் கழித்து மீண்டும் இயக்குங்கள்.

கைப்பேசி இணைந்தால், மடிக்கணினியை ஆராயுங்கள். விமானப் பயன்முறை அணைந்துள்ளதா? கடவுச்சொல் சரியா? அதில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறானவை. ஓரெழுத்துப் பிழைத்தாலும் வழி திறவாது.

தொலைவிலுள்ள அறையில் மட்டும் இணைப்பு அறுபடுகிறதா? 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவு மிக்கது; எனினும் சுவர்களைக் கடக்கையில் எளிதில் வலுவிழக்கும். அங்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையே ஏற்றது.

ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். அப்போதுதான் பிழை எதுவெனப் புலப்படும்.

சிந்திக்க: கைப்பேசியை முதலில் சோதிப்பது ஏன்?