20 டன் வேர்க்கடலையும் 9 வீடுகளும்

2007 மே மாதக் கடைசியில், நியூயார்க்கில் உள்ள சி.பி.எஸ். தொலைக்காட்சி அலுவலகத்துக்கு வேர்க்கடலை வந்து இறங்கத் தொடங்கியது. அலுவலகத்தில் யாரும் கேட்டு வாங்கியதல்ல. முகம் தெரியாத ரசிகர்கள் இணையக் கடையில் பணம் கட்டி அனுப்பிவைத்தது. சில வாரங்களில் மொத்தம் சுமார் 20 டன் சேர்ந்துவிட்டது.

'ஜெரிக்கோ' என்ற தொடரை நிறுத்தியதற்கான எதிர்ப்பு அது. அமெரிக்க நகரங்கள் பல அணுகுண்டுகளால் அழிந்துபோக, கன்சாஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்று தனித்து விடப்படுகிறது. அந்த ஊர் எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் கதை. முதல் சீசனின் கடைசிக் காட்சியில் எதிரி ஊர்க்காரன் சரணடையச் சொல்ல, நாயகன் ஜேக் கிரீன் ஒரே சொல்லில் பதில் தருகிறான்: "நட்ஸ்!" 1944 டிசம்பரில் பாஸ்டோன் நகரைச் சூழ்ந்த ஜெர்மானியர் சரணடையக் கேட்டபோது அமெரிக்கத் தளபதி மெக்காலிஃப் எழுதி அனுப்பிய பதில் அது. 'போய் வேலையைப் பார்' என்கிற தொனியில் அமெரிக்கர்கள் சொல்லும் சொல். கொட்டை, கடலை என்பது அதன் நேர்ப்பொருள். தொடர் நிறுத்தப்பட்டதும் ரசிகர்கள் அந்தப் பதிலையே மூட்டை கட்டி அனுப்பினார்கள்.

இவ்வளவு பேர் உயிராய் நேசித்த தொடரை ஏன் நிறுத்தினார்கள்? நாம் டிஆர்பி என்று சொல்லும் எண் கைவிட்டுவிட்டது. 2006 செப்டம்பர் 20 அன்று முதல் பகுதியை ஏறக்குறைய 1 கோடியே 17 லட்சம் பேர் பார்த்தார்கள். 2007 மே மாதம் சீசன் முடியும்போது அது 80 லட்சத்தை ஒட்டி வந்து நின்றது. 80 லட்சம் என்பது பெருங்கூட்டம்தான். ஆனால் அன்றைய அமெரிக்காவின் பெரிய அலைவரிசை ஒன்றுக்கு, இரவு 8 மணி நேரத்துக்கு, அது போதவில்லை.

அந்த 80 லட்சம் தலைகளை யாரும் எண்ணவில்லை என்பதுதான் வேடிக்கை. அப்போது அமெரிக்காவில் தொலைக்காட்சி இருந்த வீடுகள் சுமார் 11 கோடியே 14 லட்சம். அவற்றில், பார்வையாளர்களைக் கணக்கிடும் நீல்சன் நிறுவனத்தின் அளவுக்கருவி இருந்தவை ஏறத்தாழ 10,000 மட்டுமே. எந்த அலைவரிசை ஓடுகிறது என்பதைக் கருவி தானே குறித்துக்கொள்ளும். யார் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்ல, வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தமக்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். அந்த ஒவ்வொரு வீடும் தன்னைப் போன்ற 11,000 வீடுகளுக்காகப் பேசியது.

இது அநியாயமாகப் படும். ரசிகர்களுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் கல்யாண வீட்டுச் சமையல்காரரைப் பாருங்கள். ரசம் சிறு பாத்திரத்தில் கொதித்தாலும் அண்டாவில் கொதித்தாலும், உப்புப் பார்க்க அவர் உள்ளங்கையில் விடுவது அதே சில சொட்டுகள்தான். அண்டா பெரியது என்பதற்காக ஒரு சொம்பு குடித்துப் பார்ப்பதில்லை. நன்றாகக் கலக்கிவிட்டாரா என்பதே கேள்வி. புள்ளியியலும் இதையே சொல்கிறது. மாதிரியின் பிழை, மாதிரியில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. நாட்டில் எத்தனை கோடிப் பேர் என்பது கிட்டத்தட்ட ஒரு பொருட்டே இல்லை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 10,000 வீடுகளில் 500 வீடுகள், அதாவது 100க்கு 5, ஒரு தொடரைப் பார்க்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வீடுகள் குருட்டுக் குலுக்கலில் எடுக்கப்பட்டவை என்றால், 100 தடவையில் 95 தடவை உண்மையான எண் 4.6க்கும் 5.4க்கும் இடையில்தான் இருக்கும். நாட்டளவில் சொன்னால், சுமார் 5 லட்சம் வீடுகள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தவறலாம். இந்தப் பிழையைப் பாதியாக்க இரண்டு மடங்கு வீடுகள் போதாது, நான்கு மடங்கு வேண்டும். விளம்பரக்காரர்கள் அதிகம் விலை கொடுக்கும் 18 முதல் 49 வயதினரை மட்டும் பிரித்துப் பார்க்கும்போது மாதிரி சுருங்கும், பிழை பெருகும். ஆகவே ஒரே ஒரு வாரத்தின் சின்னச் சரிவைப் பார்த்து ஒரு தொடரைக் கொல்வது அறிவீனம். மாதக்கணக்கில் எண் ஒரே திசையில் இறங்கினால் அதைத் தற்செயல் என்று தள்ளவும் முடியாது.

ஜெரிக்கோ அப்படித்தான் இறங்கியது. தொடர்கதைக்கு இது பிறவிக் குணம். வாரம் ஒரு கொலை, வாரம் ஒரு தீர்ப்பு என்று தனித்தனியாக முடியும் நாடகத்தில் ஒருவர் எந்த வாரமும் வந்து உட்காரலாம். தொடர்கதையில் நடுவில் வருபவருக்குத் தலையும் புரியாது, காலும் புரியாது. மதகு திறந்திருக்கிறது, வரத்துக் கால்வாய் தூர்ந்து கிடக்கிறது என்றால் ஏரி என்னவாகும்? வாரத்துக்கு 100 பேரில் இருவர் மட்டும் எழுந்து போகிறார்கள், புதிதாக யாரும் வரவில்லை என்று கொள்வோம். 1 கோடியே 17 லட்சத்தில் தொடங்கினால், 22ஆவது பகுதியில் மிஞ்சுபவர்கள் சுமார் 76 லட்சம் பேர். அந்த இருவரைக் குறை சொல்லவே முடியாது. ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவர் வீட்டில் விருந்தாளி. போதாக்குறைக்கு 2006 நவம்பர் கடைசியில் தொடரை நிறுத்தி, பிப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கினார்கள். கோடையில் கரையையும் உடைத்துவிட்ட கதை.

சரி, 20 டன் கடலை என்ன சொல்கிறது? அதற்கு 1936க்குப் போக வேண்டும். ரேடியோவின் திருகோடு இணைந்து, எந்த நிலையம் எவ்வளவு நேரம் கேட்கப்பட்டது என்று தாளில் கோடு கிழிக்கும் 'ஆடிமீட்டர்' கருவியை, நீல்சன் நிறுவனத்தைத் தொடங்கிய ஆர்தர் நீல்சன் கையகப்படுத்திய ஆண்டு அது. அதே ஆண்டில் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் அதிபர் தேர்தல் பற்றி 1 கோடி வாக்குச் சீட்டுகளை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் அள்ளினார். மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். இதழின் பட்டியல் கார், தொலைபேசி வைத்திருந்தவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது. அதோடு, மெனக்கெட்டுச் சீட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் மட்டுமே எண்ணப்பட்டார்கள். தாமாகக் கை தூக்குகிறவர்களை எண்ணினால் கிடைப்பது ஆர்வத்தின் கணக்கு.

வேர்க்கடலையும் அப்படித்தான். பேச்சுக்கு, கடலை அனுப்பும் அளவுக்கு வெறி பிடித்த வீடுகள் 1 லட்சம் இருந்தன என்றே வைத்துக்கொள்வோம். நீல்சனின் 10,000 வீடுகளில் அவர்களுக்குக் கிடைக்கும் இடம் எத்தனை? ஒன்பது! குலுக்கலின் சாதாரண ஏற்ற இறக்கத்திலேயே காணாமல் போய்விடும் எண்ணிக்கை. அதோடு, அந்த ஒன்பது வீட்டினர் கண்ணீர் மல்கப் பார்த்தாலும், சோபாவில் தூங்கிக்கொண்டே பார்த்தாலும் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். அது கூட்டத்தின் அகலத்தை அளக்கும். ஆழம் அதற்குத் தெரியாது. கடலையை நிறுத்த தராசு ஆழத்தைக் காட்டியது, அகலத்தை அல்ல. இரண்டில் எதுவும் பொய் சொல்லவில்லை.

சி.பி.எஸ். இறங்கி வந்தது. 2007 ஜூன் 6 அன்று, அதன் பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவர் நினா டாஸ்லர், மேலும் ஏழு பகுதிகள் வரும் என்று அறிவித்தார். கூடவே, புதிய பார்வையாளர்களை அழைத்து வாருங்கள் என்றும் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். தூர்ந்த கால்வாயைத் தோண்டிக் கொடுங்கள் என்று பொருள். பதிவு செய்து பிறகு பார்க்கிறோம், இணையத்தில் பார்க்கிறோம், எங்களையும் எண்ணுங்கள் என்பது ரசிகர்களின் வாதம். அதில் நியாயம் இருந்தது. ஆனால் பதிவில் பார்ப்பவரை நீல்சன் 2005 கடைசியிலிருந்தே எண்ணத் தொடங்கிவிட்டது. விளம்பரத்தை ஓட்டித் தள்ளிவிட்டுப் பார்ப்பவருக்கு விளம்பரக்காரர் விலை கொடுக்கத் தயாராக இல்லை. அவ்வளவுதான்.

ஆக, தேர்வு மறுபடி நடந்தது. 2008 பிப்ரவரி 12 அன்று தொடர் திரும்பியது. ஏழு வாரங்களும் சராசரியாக 60 லட்சத்தைச் சுற்றியே எண் நின்றது. கருவி முதல் தடவை சொன்னதையே, இன்னும் சற்றுக் கறாராகத் திருப்பிச் சொன்னது. மார்ச் 21 அன்று ஜெரிக்கோ இரண்டாவது முறையாக நிறுத்தப்பட்டது.

தொடரை எடுத்தவர்கள் இதை எதிர்பார்த்தே இருந்தார்கள். கடைசிப் பகுதிக்கு இரண்டு முடிவுகளைப் படம்பிடித்து வைத்திருந்தார்கள். கதை தொடர்ந்தால் ஒன்று, முடிந்துபோனால் ஒன்று. எதை ஒளிபரப்புவது என்பதை இயக்குநரோ எழுத்தாளரோ தீர்மானிக்கவில்லை. எங்கெங்கோ 10,000 வரவேற்பறைகளில் பொத்தானை அழுத்தியவர்களும், அழுத்தாமல் எழுந்து போனவர்களும் தீர்மானித்தார்கள். மார்ச் 25 அன்று, கதையை முடித்து வைக்கும் காட்சி ஒளிபரப்பானது.